ஒரே சுவரில் இரண்டு மடை

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், வயல்கள் வந்து முட்டுகிற ஓரத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் பின்பக்க மதிலில் தண்ணீர் போக இரண்டு மடைகள், ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று. மேலே இருப்பது சதுரமான காங்கிரீட் வாய். கீழே இருப்பது வட்டமான சிமெண்டுக் குழாய். அந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் இன்ஜினீயர் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு, இதில் எது தப்பாகக் கட்டியது என்று கேட்கிறார்கள். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் கதை நீளும்.

இப்போது சொல்ல வேண்டி வந்துவிட்டது. புது ஒப்பந்தங்களில், சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகும் முன் சமரசம் பேச வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கிறார்கள். அது பற்றி நம் கட்டிட வேலைக்காரர் சங்கத்தில் ஒரு வகுப்பும் நடந்தது. யாரோ வெளியூர்க்காரர் திரையில் வந்து பேசினாராம். வகுப்பு முடிந்ததும் நம் ஆட்கள் இரண்டு பேர் எனக்கு போன் செய்தார்கள். "அண்ணே, நீ வரதன் சார் கூட இத்தினி வருசமா இதத்தானே பண்ணிக்கினு இருந்தே. அவரு சொன்னது ஒண்ணும் தலையில ஏறல. நீ எழுதிக் குடு, சங்கத்து மலர்ல போடலாம்" என்றார்கள். பேசக் கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன் பிறகு மண் சுமந்தேன், கலவை போட்டேன், கடைசியில் சர்வேயர்களுக்கு மட்டக்கோல் பிடிக்கிற வேலைக்கு வந்தேன். மட்டக்கோல் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நீளும், எண்கள் எழுதிய கோல். நான் அதை ஓர் இடத்தில் நிறுத்திப் பிடிப்பேன். சர்வேயர் தூரத்தில் நின்று கருவியின் கண்ணாடி வழியாக எண்ணைப் படித்து, எது மேடு எது பள்ளம் என்று சொல்வார். ஆடாமல் நிற்க வேண்டும், பேசக் கூடாது. எனக்குப் பொருத்தமான வேலை. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் ஆன பிறகுதான் வரதன் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். வேன் ஓட்டவும் கோல் பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

சார் ஏரி, கால்வாய் வேலைகளில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்மிடிப்பூண்டியில் இருந்து திருவள்ளூர் வரை எங்கே கட்டிட வேலையில் தகராறு வந்தாலும், கட்டுகிறவரும் கட்டச் சொன்னவரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் யாரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னதில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து பேசியதும் இல்லை. வேலை நடக்கும் இடத்துக்கே போவார். வேனில் ஒரு மடக்கு ஸ்டூலும் ஒரு கூஜா மோரும் இருக்கும். இரண்டு பக்கமும் கத்தும்போது குறுக்கே பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்கத் துடைக்கச் சத்தம் இறங்கும். கண்ணாடி இல்லாத மனிதரிடம் கோபத்தைக் காட்டுவதில் யாருக்கும் திருப்தி இருப்பதில்லை.

அவரிடம் நான் முதலில் பார்த்த வழக்கு காட்டுப்பள்ளிப் பக்கம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு வந்த கிரேன் ஒன்று மணலில் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்து நின்றது. தரையைக் கெட்டிப்படுத்தாதது கான்ட்ராக்டர் தப்பு என்றார் கிரேன்காரர். இரும்புப் பலகை போட்டு நிறுத்தாதது கிரேன்காரர் தப்பு என்றார் கான்ட்ராக்டர். கிரேன் கண்ணெதிரே இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது. முட்டுக் கொடுக்கக் கட்டைகள் பக்கத்திலேயே கிடந்தன. இரண்டு பேரும் தொடவில்லை. முதல் கட்டையை யார் வைக்கிறாரோ அவர் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயம்.

சார் ஸ்டூலை விரித்து, விழுந்தால் தன் மேல் விழாத தூரத்தில் உட்கார்ந்தார். "விழட்டும். விழுந்தப்புறம் பேசறது சுலபம்" என்றார். பிறகு பாக்கெட்டில் இருந்து காகிதத்தை எடுத்து ஒரு வரி எழுதினார். 'இந்தக் கிரேனுக்கு யார் முட்டுக் கொடுத்தாலும் அது தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகாது.' இருவரும் கையெழுத்துப் போட்ட வேகத்தில் ஓடிப் போய்க் கட்டைகளைத் தூக்கினார்கள். ஒரு முனையை அவர், மறு முனையை இவர். சேர்ந்து தூக்கின பிறகு பழைய கோபத்தில் பேச அவர்களுக்கே வரவில்லை. சாயந்திரம் ஒரே தட்டில் மீன் வறுவல் சாப்பிட்டார்கள்.

எல்லாம் அப்படி முடியவில்லை. கவரைப்பேட்டை தாண்டி ரயிலில் போகிறவர்கள் ஒரு கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள். தூண்கள் மட்டும் நிற்கும், உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும், கொடி ஏறிக் கிடக்கும். ஒரு தூண் சாய்ந்த தகராறு அது. எங்களைக் கூப்பிடும் முன்பே வழக்குப் போட்டுவிட்டார்கள். தூண்தான் சாட்சி, அதைத் தொடாதே என்று இரண்டு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள். இருவருமே நல்ல மனிதர்கள். தூண் இன்னும் சாட்சியாகவே நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சார் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவருக்கு இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, பேசி முடித்ததைத் தமிழில்தான் எழுதுவார். எழுதியதை எல்லோர் முன்னாலும் என்னைப் படிக்கச் சொல்வார். "ஏழுமலை திக்காம படிச்சா எல்லாருக்கும் புரியும்" என்பார். என் தொழிலில் எனக்குக் கடினமாக இருந்த வேலை அது ஒன்றுதான். நான் திக்கும் சொல்லை அங்கேயே அடித்துவிட்டு வேறு சொல் போடுவார். இன்னொன்று, பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும் நாளில் என்னை அனுப்புவார். "அவங்க கேக்கறது எனக்குத் தெரியும். எதுக்கு பயப்படறாங்கன்னு பாத்துட்டு வா." நான் போய் ஒன்றும் கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். பேசத் தெரிந்தவர்களிடம் ஜனங்கள் வாதம் பண்ணுகிறார்கள். பேசாமல் இருக்கிறவனிடம் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள்.

இனி அந்த மடைகளின் கதை.

சில வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதம். அந்தத் தொழிற்சாலையின் மதிலைக் கட்டியவர் முனிரத்தினம். ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள், பெருத்த உடம்பு, எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். தொழிற்சாலை சார்பில் கட்டிட வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஷீலா மேடம். முன்னிருந்த மேனேஜர் மாற்றலாகிப் போய், மேடம் அப்போதுதான் வந்திருந்தார். மதிலுக்கு வெளியே கோவிந்தம்மா அக்காவின் நிலம். அவர் வயலும், மேலே இருக்கும் மற்ற வயல்களும் மிஞ்சிய தண்ணீரை ஒரு வாய்க்காலில் விடும். வாய்க்கால் மதிலைத் தாண்டித் தொழிற்சாலை இடத்துக்குள் புகுந்து அடுத்த ஏரிக்குப் போகும். அதற்காகத்தான் மதிலில் மடை.

ஒரு நாள் நல்ல மழை. வயல் தண்ணீர் வடியவில்லை. போய்ப் பார்த்தால் மடையின் வாய், வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் மேலே இருந்தது. ஒரு சாண் தண்ணீர் வயலில் நின்ற பிறகுதான் வெளியே போகத் தொடங்கும். நட்ட பயிர் சின்னது. அடுத்து ஐப்பசி மழை தொடர்ந்து பெய்தால் முழுகி அழுகிவிடும்.

நாங்கள் போனபோது முனிரத்தினமும் ஷீலா மேடமும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். வரப்பு மேல் கோவிந்தம்மா அக்கா.

"இன்னா சார், நீங்களும் பாத்துட்டுப் போவத்தான் வந்தீங்களா? ஏற்கெனவே எல்லாரும் வந்து போட்டோ புடிச்சிக்கினு போயிட்டாங்க. போட்டோ புடிச்சா தண்ணி வடியுமா?"

"சார், டிராயிங்குல இன்னா மட்டம் போட்டுகீதோ அதத்தான் கட்டிக்கீறேன். ஒரு நூல் மாறல" என்றார் முனிரத்தினம்.

"டிராயிங் சரியாதான் சார் இருக்கு. கட்டினதுதான் மேல ஏறியிருக்கு" என்றார் ஷீலா மேடம். "எங்க லீகல் டீம் கேஸ் போடலாம்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் சுவத்துல கை வெக்கக் கூடாதாம்."

"என் வக்கீலும் அதான் சொன்னாரு. ஒரு கல்லு பேத்தாலும் தப்ப ஒத்துக்கினா மாதிரின்னாரு."

"ரெண்டு வக்கீலும் ஒண்ணாதான் பேசிக்கீறாங்க. நீங்க ரெண்டு பேருதான் பேசல" என்றார் அக்கா. "அப்ப நான் இன்னா பண்றது? வக்கீலு ஊட்டு வாசல்ல போய் நட்டுக்கவா?"

சார் கண்ணாடியைத் துடைத்து முடித்தார். தன் வழக்கமான வரியை எழுதினார். இந்தச் சுவரில் யார் கை வைத்தாலும் அது தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகாது. நான் படித்தேன். இருவரும் வக்கீல்களுக்கு போன் போட்டு, நடந்துகொண்டே பேசி, ஒரு வழியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன். எல்லாப் பேச்சும் சாரைப் பார்த்துத்தான்.

மறுநாள் காலை சார் செய்தது அவருடைய முக்கியமான முறை. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு உதவும். தப்பு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. "வேல நடந்த அன்னிக்கு யாரு எங்க நின்னீங்களோ அங்க போய் நில்லுங்க. அன்னிக்கு செஞ்சத மறுபடி செய்யுங்க. வாய் மட்டும் வேணாம்" என்றார். பேசச் சொன்னால் மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்வார்கள். நடக்கச் சொன்னால் கால் பழைய இடத்துக்கே போகும்.

கொத்தனார்கள் சுவரோரம் போய் நின்றார்கள். முனிரத்தினத்தின் சர்வேயர் கணேசன் கருவியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். அங்கே ஒரு வேப்பமரம். அதனடியில் செங்கல் மேடை, மேடை மேல் ஒரு கல், கல் முழுக்க மஞ்சள், உச்சியில் குங்குமம், சுற்றி வேப்பிலை. கணேசன் மேடைக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார்.

"செருப்ப ஏன் கழட்டறே?" என்று சார் கேட்டார்.

"அம்மா சார்."

"கும்பிட்டுக்கோ. ஆனா நான் மட்டம் எடுத்த எடத்துக்குத்தானே போகச் சொன்னேன்?"

கணேசன் தலையைச் சொறிந்தார். "இதான் சார் அது."

கொத்தனார்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சார் ஸ்டூலைக்கூட விரிக்காமல் அந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எந்த வேலையிலும் உயரம் அளக்க, அசையாத ஓர் இடம் வேண்டும். அதில் ஓர் எண் எழுதி வைத்து, அதிலிருந்துதான் மற்ற எல்லா உயரமும் எடுப்பார்கள். முதலில் இருந்த சர்வேயர் அந்த வேப்பமரத்தடிக் கல்லில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டு எண் எழுதியிருந்தார். கூடவே, ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று தொழிற்சாலையின் டிரான்ஸ்பார்மர் மேடையிலும் ஒரு குறி போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். கணேசன் அதன் பிறகு வந்தவர். மடைக்குக் கிட்டே இருக்கிறது என்று கல்லையே எடுத்துக்கொண்டார்.

"இந்த மேடை எப்ப கட்டினது?" என்றார் சார்.

வரப்பில் இருந்து அக்கா சொன்னார். "ஆடியில."

"யாரு கட்டினாங்க?"

"இன்னா சார் கேக்கறீங்க. வேப்பமரத்தடியில கல்லு, கல்லு மேல செவப்பு. பாத்த பொம்பளைங்க மஞ்ச வெச்சாங்க. மஞ்ச வெச்சப்புறம் அம்மாவ மண்ணுல வுட்டு வெக்க முடியுமா? இவரு கொத்தனாருங்கதான் ஞாயித்துக்கெழம வந்து, தூக்கி மேட கட்டி வெச்சாங்க. புண்ணியவானுங்க, கூலி வாங்கல."

சார் என்னைப் பார்த்தார். நான் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் டிரான்ஸ்பார்மர் மேடையில் நிறுத்தினேன். பிறகு செருப்பைக் கழற்றி, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அம்மன் தலையில் கோலை வைத்தேன். கணேசன் படித்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் இன்னொரு முறை படித்தார்.

"ஒரு சாண் சார்" என்றார்.

கல் ஏறின உயரம்தான் மடை ஏறின உயரம். கல் ஏறிய பிறகுதான் கணேசன் மட்டம் எடுத்திருந்தார்; ஏட்டில் கல்லுக்கு இருந்த எண் பழைய எண்ணாகவே இருந்தது. கணக்கு சரி, கட்டியதும் சரி, அம்மன் மட்டும் மேடை ஏறிவிட்டார்.

காரணம் தெரிந்ததும் சண்டை முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். அதுவரை இரண்டு பக்கமாக இருந்த சண்டை மூன்று பக்கமானது.

"பாத்தீங்களா சார். ஊரு ஜனம் கல்ல ஏத்தினதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் முனிரத்தினம்.

"ஏத்தினது உங்க கொத்தனாருங்க" என்றார் ஷீலா மேடம்.

"சிமெண்டு குடுத்தது உங்க கம்பெனிம்மா" என்றார் அக்கா. "உனக்கு முன்னால இருந்தாரே மேனேஜரு, அவருதான் மூட்ட எறக்கினாரு. கூழ் ஊத்தினப்ப வந்து ரெண்டு சொம்பு குடிச்சாரு. இவரும்தான் குடிச்சாரு. இப்ப எங்க மேல போடறீங்களா?"

முனிரத்தினம் கூழ் குடித்ததை மறுக்கவில்லை. "அது வேற நைனா" என்று என்னிடம் சொன்னார், ஏதோ நான் கேட்டது போல.

அதற்குள் ஊருக்குள் செய்தி போய்விட்டது. போகும்போது மாறியும்விட்டது. அம்மனை இறக்கப் போகிறார்கள் என்று பெண்கள் வந்து மேடையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கல்லைத் தொட்டால் தொழிற்சாலை வாசலில் வண்டி போகாது என்றார்கள். நேற்றுவரை நியாயம் கேட்ட ஊர் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல உணர்ந்தது. ஷீலா மேடம் போனை எடுத்து லீகல் டீமோடு பேச ஆரம்பித்தார். கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கவரைப்பேட்டைத் தூண்கள்தான் ஞாபகம் வந்தன. இங்கேயும் வழக்குப் போட்டால், சுவரும் கல்லும் சாட்சியாகி அப்படியே நிற்கும். அதன் பின்னால் அக்காவின் பயிர் தண்ணீரில் நிற்கும்.

சார் கூஜாவில் இருந்து மோர் ஊற்றிக் குடித்தார். "இன்னிக்கு போதும். ஏழுமலை, நீ போய் பாத்துட்டு வா" என்றார்.

முனிரத்தினம் கவரைப்பேட்டையில் ஒரு டீக்கடையில் இருந்தார். அவருக்குக் காலை நாஷ்டாவே அப்போதுதான். நான் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு போண்டாவைத் தின்று முடித்தார். பிறகு சொன்னார். "நைனா, ஒடிச்சிக் கட்டிக் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? எனக்கு அது பெரிய வேலையே இல்ல. ஆனா 'கட்டியதில் தவறு, சரி செய்யப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிட்டாங்கன்னா, இந்தப் பேட்டையில அடுத்த கேட்டுல என்ன உள்ள வுட மாட்டான். எங்க போனாலும் அந்த வரி எனக்கு முன்னால போய் நிக்கும். என்ன நம்பி எத்தினி குடும்பம் கீது. பேஜாரா பூடும்."

ஷீலா மேடம் சைட் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். "ஏழுமலை அண்ணா, நான் வந்ததே இப்பத்தான். வந்ததும் புதுச் சுவத்த ஒடைக்கணும்னு எழுதினா, ஹெட் ஆபீஸ்ல 'ஏன் ஒடைக்கறீங்க'ன்னுதான் கேப்பாங்க. 'ஏன் தண்ணி நிக்குது'ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவங்க யாரும் இந்த வயல பாத்ததே இல்ல. கேஸ் போட்டா என் தலைல எதுவும் வராது. அதான் உண்ம." சொல்லிவிட்டு, அந்த உண்மை தனக்கே பிடிக்காதவர் போல டப்பாவை மூடினார்.

கோவிந்தம்மா அக்கா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் வரப்போரம் குனிந்து நாலு களை பிடுங்கினேன். "அம்மாவ எறக்கிடுவாங்கன்னு ஊரு பயப்படுது தம்பி. எனக்கு அது இல்ல. அம்மாவ எவன் எறக்குவான்? எனக்கு இன்னா பயம்னா, இந்த வருசம் ஏதோ ரெண்டு கல்ல பேத்து வழி வுடுவாங்க. மழ நின்னதும் அடைச்சிடுவாங்க. அடுத்த வருசம் வேற மேனேஜரு வருவாரு. அவருகிட்ட நான் திரும்ப மொதல்லேந்து அழணும். அழறதுக்கும் ஒரு அளவு இல்லியா?"

மூன்றையும் அப்படியே சாரிடம் சொன்னேன். வேனில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"கட்டினவருக்கு தப்புங்கற வார்த்த வேணாம். மேடத்துக்கு ஒடைக்கறதுங்கற வார்த்த வேணாம். அந்தம்மாவுக்கு தற்காலிகம்ங்கற வார்த்த வேணாம்" என்றார். "அப்ப இது மூணும் இல்லாத ஒரு வேல கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே."

மறுநாள் அவர் சொன்ன யோசனை இதுதான். மேலே இருக்கும் மடை அப்படியே இருக்கட்டும். அதைத் தொட வேண்டாம். அதற்கு நேர் கீழே, சுவரின் அடி பீமுக்கும் கீழே, வாய்க்கால் மட்டத்தில் ஒரு குழாய் போடலாம். இது பழையதைத் திருத்துவது இல்லை. வெள்ளத்துக்காகப் போடும் கூடுதல் மடை. சுவர் வரைபடத்தில் இரண்டு மடைகளும் வரையப்படும். வரைபடத்தில் ஏறிவிட்டால் பிறகு வரும் எந்த மேனேஜரும் அதை அடைக்க முடியாது. கல் மேடையிலேயே இருக்கும்.

முனிரத்தினம் முதல் முறையாக ஷீலா மேடத்தைப் பார்த்துப் பேசினார். "மேடம், ஆளு என்னுது. கொழாயி உங்களுது."

"குழாய் கிடங்குலயே இருக்கு. கூடுதல் வேலைன்னா நானே அப்ரூவல் வாங்கிடுவேன்" என்றார் மேடம்.

"உள்ள வாய்க்கா தோண்டறத ஊரு பாத்துக்கும்" என்றார் அக்கா. "கூழ் குடிச்ச கடன இப்படியாவது தீத்துக்கங்க."

சார் எழுதினார், நான் படித்தேன். 'இருதரப்பும் பரஸ்பரம்' என்ற இடத்தில் திக்கினேன். சார் காகிதத்தை வாங்கி அடித்துவிட்டு 'எல்லோரும் சேர்ந்து' என்று போட்டார். "இப்ப புரியுது" என்றார் அக்கா. அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சார் சொன்னதும் மேடம் கொஞ்சம் தயங்கினார்.

"இவங்க கான்ட்ராக்ட்லயே இல்லயே சார்."

"தண்ணி இவங்க வயல்லேந்துதானே வருது" என்றார் சார். அக்கா பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, அழகாகப் போட்டார்.

வேலை தொடங்கியது. முனிரத்தினத்தின் ஆட்கள் பீமுக்கு அடியில் குடைந்து குழாயை நகர்த்தினார்கள். உள்பக்கம் ஊர் ஆட்கள் மண்ணை வெட்டினார்கள். குழாயைச் சுற்றிப் பூச்சு முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பூச்சு கரைந்தால் குழாயோடு சுவரின் அடியும் போகும். முனிரத்தினம் வெள்ளைச் சட்டையோடு வாய்க்காலில் இறங்கித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். கோல் பிடித்த கைதானே, ஆடவில்லை. வாய்க்காலை மண்ணால் மறித்து, பூச்சு இறுகும்வரை தண்ணீரைத் தடுத்து வைத்தார்கள். வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அக்கா பயிரின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் மழை சற்றுக் குறைந்தபோது சார் தலையை ஆட்டினார். மண்ணை வெட்டிவிட்டார்கள். அக்கா மேடையில் இருந்து ஒரு வேப்பிலைக் கொத்தை எடுத்து வந்து தண்ணீரில் போட்டார். அது சுற்றிச் சுற்றி வந்து, குழாய் வாயில் ஒரு கணம் நின்று, உள்ளே போனது. சுவருக்கு மறுபக்கம் குடை பிடித்து நின்ற ஷீலா மேடத்தின் குரல் கேட்டது. "வந்துடுச்சி."

வழக்கு போடப்படாமலே போனது. அந்த வருடம் அக்காவின் நிலத்தில் நல்ல விளைச்சல். புது அரிசியில் சாருக்கும் எனக்கும் ஒவ்வொரு பை வந்தது.

அடுத்த வருடம் புயல் மழையில் கீழ்க் குழாய் நிரம்பிப் போதாமல், மேல் மடை வழியாகவும் தண்ணீர் போனது. முனிரத்தினம் அன்றைக்கு எனக்கு போன் செய்தார். "பாத்தியா நைனா. நான் மொதல்லயே சரியாதான் கட்டிக்கீறேன். நீங்கதான் யாரும் நம்பல." நான் ஷீலா மேடத்திடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த மதிலையும் முனிரத்தினத்துக்கே கொடுத்தார்.

சார் பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார். ஸ்டூலை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். முழங்கால் இடம் கொடுத்தவரை நான் தனியாகவே பல இடங்களுக்குப் போனேன். போனவற்றில் பெரும்பாலானவை கோர்ட்டுக்குப் போகவில்லை. எழுதுவதற்கு மட்டும் ஓர் இன்ஜினீயர் என்னோடு வருவார். படிப்பது நான்தான். கூச்சப்படுகிறவனுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புது மதில் வேலை தொடங்கிய அன்றும் நான்தான் கோல் பிடித்தேன். கணேசன் கருவியை வேப்பமரத்துக்குக் கிட்டே கொண்டு போகவே இல்லை. கோவிந்தம்மா அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, இந்தத் தடவ அம்மா தலையில கோலு வெக்கலியா?"

"இல்லக்கா. டிரான்ஸ்பார்மர் மேடையிலேந்து எடுக்கறோம்."

"அதுக்கும் மஞ்ச பூசிடப் போறாங்க, பாத்துக்க."

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் போனவன், வேனை நிறுத்திப் பார்த்தேன். பூசியிருந்தார்கள். பொட்டும் வைத்திருந்தார்கள். மட்டக்கோலைத் தரையில் ஊன்றி உயரம் பார்த்தேன். இந்த மேடை ஏறவில்லை.